தனித்து வளராத சந்தனம்

தனியார் நிலத்தில் நின்றாலும் சந்தன மரம் அரசின் பிடியில்தான் இருக்கும் என்ற நிலை தமிழ்நாட்டில் நெடுங்காலம் நீடித்தது. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்காரர் சந்தனம் வளர்த்துப் பயன்பெற வழிவிட்டன. பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2008இல் வந்தன. மரத்தை வெட்டவும் விற்கவும் இன்றும் வனத்துறையின் அனுமதி வேண்டும். இருந்தாலும் சட்டத் தடை தளர்ந்ததும் சந்தனக் கன்றுக்குக் கிராக்கி ஏறியது, நாற்றங்கால்களும் பெருகின. கிராக்கி ஏறும் காலத்தில் நாற்றங்கால் வைத்திருப்பவர் முதலில் கேட்பது, நூறு விதை போட்டால் எத்தனை முளைக்கும் என்பதைத்தான். அதற்கு அறிவியல் நல்ல விடையையே தந்திருக்கிறது. ஆனால் சந்தனத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி பாதிக் கிணறுதான். முளைத்த கன்றின் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டதா என்பது மீதிப் பாதி. தோட்டத்தில் நட்ட பிறகு கன்று தழைப்பதும் நலிவதும் பெரிதும் அதைப் பொறுத்தே அமைகிறது. சந்தனத்தில் நல்ல கன்று என்றால், இன்னொரு செடியோடு வேரால் இணைந்த கன்று என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். நாற்றங்காலின் வேலைமுறை, கணக்கு, விலை மூன்றும் இந்த அடிப்படையில் மாற வேண்டும்.

விதையிலிருந்தே தொடங்குவோம். சந்தனப் பழம் பட்டாணி அளவே இருக்கும். பச்சையாகத் தொடங்கிச் சிவந்து, முற்றக் கனிந்ததும் கறுப்புக்கு நெருங்கிய ஊதா நிறம் கொள்ளும். பழத்தின் நுனியில், பூ உதிர்ந்த இடம் வட்டத் தழும்பாகத் தெரியும். மெல்லிய சதையைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் உருண்டையான கொட்டை கிடைக்கும். கிலோவுக்கு ஏறத்தாழ 6,000 கொட்டைகள் நிற்கும். ஒரு கொட்டைக்கு ஒரே விதை. ஓட்டை உடைத்தால் உள்ளே வெண்மையான, எண்ணெய்ப் பிசுக்குள்ள பருப்பு. அந்தப் பருப்பைப் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஏறக்குறைய முழுவதும் முளைசூழ்தசையாகவே இருக்கும். செடியாகப் போகும் கரு அதற்குள் மிகச் சிறியதாகப் பொதிந்திருக்கும். அவரை, புளி போன்ற விதைகளில் உணவு விதையிலைகளுக்குள்ளேயே நிரம்பியிருப்பதால், ஈரம் பட்டதும் கரு உடனே எழுந்துகொள்கிறது. சந்தனக் கருவுக்கு அந்த வசதி இல்லை. தன்னைச் சூழ்ந்திருக்கும் எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கரைத்து உறிஞ்சித்தான் அது வளர்ந்தாக வேண்டும். அதன் தாமதத்துக்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் விதை உறக்கம். மரத்திலிருந்து எடுத்த புதிதில் சந்தன விதை ஏறத்தாழ இரண்டு மாதம் உறங்கும். உறக்கம் கலைந்த பிறகும் எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. ஒரு மாதத்தில் சில, இரண்டாம் மாதத்தில் சில, மூன்றாம் மாதம் கடந்தும் சில என்று தவணை தவணையாகத் தலைகாட்டும். மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. ஒரு மழை பொய்த்து முதலில் முளைத்தவை கருகினாலும், அடுத்த மழைக்கென்று மண்ணுக்குள் சில விதைகள் மிஞ்சியிருக்கும். நாற்றங்கால்காரருக்கோ இதே ஏற்பாடு பெரும் தலைவலி. ஒரே பாத்தியில் ஆறு இலைக் கன்றும் அப்போதுதான் மண்ணைக் கீறும் முளையும் கலந்து நிற்கும். எதற்காகத் தண்ணீரைக் கூட்டுவது, எதற்காக நிழலைக் குறைப்பது என்று முடிவு செய்ய முடியாது. விதையை நீண்ட காலம் வைத்திருக்கவும் வழியில்லை. நிழலில் உலர்த்திக் காற்றுப் புகாத கலத்தில் வைத்தாலும் ஒன்பது மாதத்துக்குப் பிறகு முளைப்புத் திறன் குறையத் தொடங்கும். தொடக்கத்தில் உறக்கம், முடிவில் முதுமை. இரண்டுக்கும் நடுவில் உள்ள சில மாதங்களில்தான் விதைத்தாக வேண்டும்.

இந்தச் சிக்கலை ஜிப்ரலிக் அமிலம் பெருமளவு தீர்த்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் என்ற அளவில் கரைத்து, அதில் விதையை ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு விரைவாகவும் சீராகவும் வருகிறது. இந்தப் பொருள் கண்டறியப்பட்ட கதை நெல் வயலில் தொடங்கியது. ஒருவகைப் பூஞ்சை தாக்கிய நெற்பயிர் அளவுக்கு மீறி நெட்டையாக வளர்ந்து, மெலிந்து, சாய்ந்துவிடும். அந்த நெட்டை வளர்ச்சிக்குக் காரணம் பூஞ்சை சுரக்கும் ஒரு வேதிப்பொருள் என்பதை ஜப்பானிய ஆய்வாளர் எய்இச்சி குரோசாவா 1926இல் காட்டினார். அதே வகைப் பொருளைத் தாவரங்கள் தாமும் சுரக்கின்றன என்பது பிற்பாடு தெரியவந்தது. விதைக்குள் அது செய்யும் வேலை, சேமிப்பு உணவைக் கரைக்கும் நொதிகளை எழுப்பிவிடுவது. சந்தனக் கருவுக்கு வேண்டியிருப்பதும் அதுதான். ஆனால் அந்த நெற்பயிர் ஓர் எச்சரிக்கையும் தருகிறது: வேகமான வளர்ச்சியும் வலுவான வளர்ச்சியும் ஒன்றல்ல. ஜிப்ரலிக் அமிலம் முளையை எழுப்பும். அந்த முளைக்கு நாளை தண்ணீரும் தழைச்சத்தும் எங்கிருந்து வரும் என்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை.

தாய்ப்பாத்தியில் கவனிக்க வேண்டியவை நாற்றங்கால்காரர்கள் அறிந்தவைதான். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு செம்மண் கலந்த, தண்ணீர் தேங்காத பாத்தி வேண்டும். முளை வரும்வரை வைக்கோல் மூடாக்கு போட்டு, இலை தெரிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பருப்பின் வாசனைக்கு எலியும் அணிலும் தேடி வருவதால் பாத்திக்கு மேல் வலை வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி மண்ணுக்குள் இருக்கிறது. நூற்புழு வேரைத் துளைக்க, அந்தத் துளை வழியே வாடல் நோய்ப் பூஞ்சை நுழைந்தால் பாத்தி முழுவதும் சில நாட்களில் சாய்ந்துவிடும். இவற்றைத் தாண்டி நான்கு முதல் ஆறு இலை விட்ட கன்றை, வேர் அறுபடாமலும் காயாமலும் எடுத்து நாற்றுப்பைக்கு மாற்றி ஒரு வாரம் நிழலில் வைப்பார்கள். நல்ல விதையும் சரியான நேர்த்தியும் அமைந்தால் பாதிக்கு மேற்பட்ட விதைகள் இந்தக் கட்டத்தை எட்டும். இதுவரை சந்தனத்தின் வழி மற்ற மரங்களின் வழியிலிருந்து பெரிதாக விலகவில்லை. விலகல் நாற்றுப்பையில்தான் தொடங்குகிறது.

சந்தனம் வேர் ஒட்டுண்ணி என்பதை 1871இல் வெளிப்படுத்தியவர் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் ஸ்காட். அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர், சந்தன வேர் மற்றச் செடிகளின் வேரோடு இணையும் இடங்களை வெட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்து விரிவாக எழுதினார். கோவையில் கரும்பு ஆராய்ச்சிக்கு வித்திட்டவர் என்று நாம் அறிந்திருக்கும் அதே பார்பர்தான் இவர். காட்டில் சந்தனம் எந்தெந்தச் செடிகளைப் பற்றிக்கொள்கிறது என்பதைத் திரட்டி எம். ராம ராவ் 1911இல் வெளியிட்டார். இன்று அந்தப் பட்டியல் முந்நூறு இனங்களைத் தாண்டிவிட்டது. புல், புதர், கொடி, பெருமரம் என்று சந்தனம் விட்டுவைக்காத வகை இல்லை. நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த உண்மை இது. ஆனாலும் நாற்றங்காலின் அன்றாட வேலையில் இது பல இடங்களில் கடைசி வரிக் குறிப்பாகவே நின்றுபோயிருக்கிறது.

பைக்குள் மண்ணைக் கழுவிவிட்டுப் பார்த்தால் இந்த உறவு வெறுங்கண்ணுக்கே தெரியும். சந்தனத்தின் மெல்லிய பக்கவேர், அதே பையில் துணைச்செடியாக வளரும் துவரையின் வேரைத் தொடும் இடத்தில் வெண்மையான சிறு மணி போன்ற புடைப்பு இருக்கும். உறிஞ்சு வேர் என்பது இதுதான். புடைப்பின் அடிப்பகுதி துணைச்செடியின் வேரை இருபுறமும் கவ்விப் பிடித்திருக்கும். அதன் நடுவிலிருந்து ஆப்பு வடிவத் திசு புறப்பட்டு, துவரை வேரின் பட்டையைத் துளைத்து, நீர் ஏறும் குழாய்கள் வரை இறங்கும். அங்கே சந்தனத்தின் திசு துணைச்செடியின் நீர்க்குழல்களை ஒட்டி அமைகிறது. சந்தனம் தன் இலைகள் வழியாக நிறைய நீரை ஆவியாக்குவதால் இழுவிசை அதன் பக்கம் கூடுகிறது. அந்த இழுவையில் துணைச்செடியின் நீரும், அதில் கரைந்த தாதுக்களும் அமினோ அமிலங்களும் சந்தனத்துக்குள் ஏறுகின்றன. துணைச்செடிக்குள் செலுத்திய கதிரியக்கப் பாஸ்பரஸ் பிறகு சந்தனத்தில் கண்டறியப்பட்டது இதற்கு நேரடிச் சான்று. சந்தனத்துக்குப் பச்சை இலை உண்டு, தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே செய்துகொள்ளும். அதனால்தான் அதை அரை ஒட்டுண்ணி என்கிறோம். வேரில் பாக்டீரிய முடிச்சுகளை வைத்துக் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பயறு இனச் செடிகள் அதற்குச் சிறந்த துணையாக அமைவதும் இதனால்தான்.

இந்த வாதத்துக்கு முதலில் வரும் மறுப்பு வலுவானது. துணைச்செடி இல்லாமலும் சந்தனக் கன்று பையில் பச்சைப்பசேல் என்று நிற்கிறதே, ஓர் அடி உயரமும் வந்துவிடுகிறதே, பிறகென்ன என்று கேட்பார்கள். கன்று நிற்பது உண்மைதான். அது எதை நம்பி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தொடக்க வாரங்களில் தாய்மரம் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறாக முளைசூழ்தசை இருக்கிறது. அது தீர்ந்ததும் தினமும் ஊற்றும் தண்ணீரும் பையில் கலந்த தொழுவுரமும் கன்றைத் தாங்குகின்றன. ஊட்டம் கைக்கெட்டும் தூரத்திலேயே குவிந்திருக்கும் சிறு பையில் வேரின் குறை வெளியே தெரியாது. ஊட்டம் குறையும்போது இலை வெளிறி, வளர்ச்சி நின்று, கன்று குறுகத் தொடங்கும். தோட்டத்து மண்ணில் தண்ணீர் நாள்தோறும் கிடைக்காது, உரமும் வேரடியிலேயே குவிந்திருக்காது. துணையில்லாத பையில் சந்தன வேர் சும்மா இருப்பதும் இல்லை. தன் வேரையே பற்றி உறிஞ்சு வேர் விடுவதும், பக்கத்துச் சந்தனக் கன்றின் வேரைப் பற்றுவதும் பதிவாகியிருக்கின்றன. தன்னிடமிருந்து தானே எடுத்துக்கொள்வதில் எந்த லாபமும் இல்லை. துணையைத் தேடுவது அதன் இயல்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. கன்றை நடும்போது பக்கத்தில் நான்கு துவரை விதையை ஊன்றினால் போயிற்று, அதற்காகப் பையிலும் ஏன் துணைச்செடி என்பது அந்த மறுப்பு. நடும்போது துவரை ஊன்றுவது அவசியம்தான். அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் துவரை முளைத்து, வேர் பரப்பி, அந்த வேர் சந்தன வேரின் பாதையில் குறுக்கிட்டு, உறிஞ்சு வேர் உருவாகி, இணைப்பு முழுமையாகும் வரை வாரங்கள் ஓடிவிடும். புதிதாக நட்ட கன்று மிகவும் பலவீனமாக இருப்பதும் அதே வாரங்களில்தான். மழை ஒரு பட்டம் தவறினாலும் இந்த இடைவெளியில் கன்று போய்விடும். பையிலேயே இணைந்து வந்த கன்று நட்ட அன்றிலிருந்தே துணையோடு இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கனனுரா பகுதியின் ஆர்ட் ஆற்றுப் பாசனத்தில் இந்தியச் சந்தனத்தைப் பெரும் பரப்பில் பயிரிட முனைந்தபோது, அங்குள்ள ஆய்வாளர்கள் 1990களில் இதைச் சோதித்தார்கள். பொன்னாங்கண்ணி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியோடு பையில் வளர்ந்த கன்றுகள் தோட்டத்தில் நன்கு பிழைத்து வேகமாக வளர்ந்தன. அதன்பிறகு பைத்துணை, இடைக்காலத் துணை, நீண்டகாலத் துணை என்று மூன்று கட்டமாகத் திட்டமிடுவது அங்கு வழக்கமாயிற்று.

மூன்றாவதாக, காட்டில் சந்தனத்துக்கு யார் துவரை ஊன்றினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சவ்வாது மலையிலும் மறையூரிலும் சந்தனம் தானாகத்தானே வளர்ந்தது என்பது அவர்கள் வாதம். உண்மையில் இந்தக் கேள்வியே நம் கருத்துக்கு அரண் சேர்க்கிறது. சந்தனப் பழத்தைத் தின்பவை குயில், கொண்டைக்குருவி போன்ற பறவைகள். பழம் தின்ற பறவை வெட்டவெளியில் போய் நிற்பதில்லை. இன்னொரு மரத்திலோ புதரிலோ அமர்கிறது. சதை அதன் வயிற்றில் கரைய, கொட்டை அந்த மரத்தடியிலோ புதரடியிலோ விழுகிறது. ஆக, காட்டுச் சந்தன விதை விழும் இடத்தில் இளங்கன்றுக்கு வேண்டிய அரைநிழலும் உண்டு, வேருக்கு வேண்டிய துணையும் உண்டு. முட்செடியாக இருந்தால் ஆடு மாட்டின் வாயிலிருந்து காவலும் கிடைக்கும். வேலியோரங்களில் சந்தனக் கன்று தானாக முளைத்து நிற்பதன் காரணமும் இதுவே. சுத்தமாகக் களையெடுத்துத் தனிக்கன்றை மட்டும் வைக்கும் நாற்றுப்பைதான் சந்தனம் தன் இயல்பில் என்றுமே காணாத சூழல்.

நான்காவது மறுப்பில் நியாயம் இருக்கிறது. துணைச்செடி நிழலடித்துக் கன்றை அமுக்கிவிடும், தண்ணீருக்குப் போட்டியிடும் என்கிறார்கள். கவனிக்காமல் விட்ட துவரை பையில் சந்தனத்தைவிட இரு மடங்கு வளர்ந்து அதை மறைத்துவிடுவது நடக்கக்கூடியதே. இதற்கு விடை துணையை நீக்குவதில் இல்லை, அடக்கி வளர்ப்பதில் இருக்கிறது. சந்தனக் கன்று பையில் வேர்பிடித்த பிறகு துவரையை ஊன்ற வேண்டும். அதன் தலையை அவ்வப்போது கிள்ளிச் சந்தனத்துக்குக் கீழேயே நிறுத்த வேண்டும். வேர்தான் நமக்கு வேண்டும், தழை வேண்டியதில்லை. இந்தக் கிள்ளும் வேலை கடினம் என்று கருதுவோர் படர்ந்து தாழ வளரும் பொன்னாங்கண்ணியை வைக்கலாம். தோட்டத்தில் துவரை ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும். அதற்குள் அகத்தியும், அதற்குப் பிறகு நீண்ட காலம் நிற்கக்கூடிய சவுக்கு, புங்கன், வாகை போன்றவையும் சந்தன வேருக்கு எட்டும் தூரத்தில் வளர்ந்திருக்க வேண்டும். துணைமரத்தின் வளர்ச்சி ஓரளவு குன்றும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. சந்தனம் எடுத்துக்கொள்வது இன்னொன்றின் உழைப்பைத்தான். ஆகவே துணைமரத்தை வெட்டி விற்கும் மரமாகக் கணக்கில் சேர்க்காமல், சந்தனத்துக்கான செலவாகவே எழுதிக்கொள்வது நேர்மையான கணக்கு.

கடைசியாகச் செலவு. துணைச்செடியோடு கன்று வளர்க்கப் பெரிய பை வேண்டும். 30 சென்டிமீட்டர் உயரப் பை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது இதற்காகத்தான். மண், தண்ணீர், கிள்ளுவதற்கான ஆள்கூலி எல்லாம் கூடும். கன்று ஆறு முதல் எட்டு மாதம் நாற்றங்காலில் இருந்து, தண்டு பழுப்பேறி முதிர வேண்டும். வாங்குபவர் கண்ணுக்கோ களையும் செடியும் இல்லாத சுத்தமான பைதான் அழகாகத் தெரிகிறது. விலையும் அதற்குக் குறைவு. ஆனால் சந்தனத்தில் வைரம் பாயத் தொடங்குவதற்கே பத்து ஆண்டளவில் ஆகும்; வெட்டும் பருவத்துக்குப் பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். காசு வைரத்தில்தான் இருக்கிறது, மரத்தின் உயரத்தில் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் நலிந்த கன்று செத்தால் மாற்றி நடலாம். சாகாமல் குன்றி நிற்கும் கன்றுதான் உண்மையான நட்டம், ஏனென்றால் அது நிலத்தையும் நீரையும் விவசாயியின் பத்து ஆண்டையும் எடுத்துக்கொண்ட பிறகே தன் குறையைக் காட்டும். அந்த நட்டத்துக்கு முன்னால் பெரிய பைக்கும் ஒரு பிடி துவரைக்கும் ஆகும் செலவு அற்பம்.

ஆகவே அளவுகோலை மாற்றுவோம். முளைப்பு சதவீதத்தை எழுதும் நாற்றங்கால் பதிவேட்டில் இன்னொரு வரியும் இடம்பெற வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில பைகளை எடுத்து, தண்ணீரில் மண்ணைக் கரைத்து, வேரில் உறிஞ்சு வேர் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். சோதித்த சில கன்றுகள் வீணாகலாம்; ஆனால் மீதித் தொகுதியைப் பற்றிய உண்மை கைக்கு வரும். வாங்கும் விவசாயியும் கன்றின் உயரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், துணைச்செடி எது, அது பையில் எத்தனை மாதமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். அரசு மானியத்தில் கன்று வழங்கும் திட்டங்கள், துணைச்செடியோடு கூடிய கன்றை மட்டுமே ஏற்போம் என்று விதித்தால் சந்தை தானாகத் திருந்தும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. திருட்டு வெட்டாலும் நோயாலும் காட்டில் முதிர்ந்த தாய்மரங்கள் அருகிவிட்ட நிலையில், நாம் விதைக்கும் ஒவ்வொரு கொட்டையும் மிஞ்சியிருக்கும் அந்தச் சில மரங்களின் கொடை. அதை முளைக்க வைத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்தால் அந்த விதையை வீணடிக்கிறோம். வேருக்குத் துணை அமைத்துக் கொடுக்கும் நாற்றங்கால்தான் சந்தன மரத்தை உருவாக்குகிறது.